கொக்கு இட்ட மூன்று முட்டைகள்

சென்ற இதழில், "வகுப்பறையில் இலவச இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரே இதைக் கேட்கத்தான் காத்திருந்ததுபோலும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடமில்லை. ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணினி நிபுணர் அல்ல. முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள். முதலில் தொடக்கநிலை, பிறகு உயர்நிலை. அதில் பாதிக் காலம் சுண்ணக்கட்டியோடும் மணிலா அட்டையோடும் கழிந்தது. இப்போது இங்கே சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் வாரம் இரண்டு நாள் வகுப்பெடுக்கிறேன். பிள்ளைகள் முன்னால் செய்து பார்த்து, ஒன்று மானம் தப்பியது அல்லது மானம் போனது. அவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: அன்புள்ள டீச்சர், என் தொடக்கநிலை 4 வகுப்பில் கஹூட் விளையாட்டு வைத்தால் கூரை பிய்ந்துவிடும் அளவுக்கு உற்சாகம். ஆனால் தேர்வில் அதே ல, ள, ழ தவறுகளைத்தான் செய்கிறார்கள். வேறு நல்ல இலவசக் கருவி இருந்தால் சொல்லுங்கள்.
(ஆசிரியை, ஈசூன்)

கருவியை மாற்றுவதற்கு முன்னால், உங்கள் பிள்ளைகளின் விரல் எதைத் தொடுகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கஹூட் நார்வே நாட்டுக்காரர்கள் உருவாக்கி 2013இல் வெளியிட்ட வினாடி வினாத் தளம். அதன் வழக்கமான ஆட்டத்தில் கேள்வியும் விடைகளும் உங்கள் பெரிய திரையில் தெரியும். பிள்ளையின் கையில் இருக்கும் கருவியில் சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என நான்கு கட்டங்கள்தாம் இருக்கும். பிள்ளை அழுத்துவது முக்கோணத்தை. தமிழ்ச் சொல்லை அது ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

போதாக்குறைக்கு, வேகமாக அழுத்தினால் கூடுதல் புள்ளி. ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000. நேரம் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். 'பள்ளி', 'பல்லி' இரண்டையும் மனத்துக்குள் உச்சரித்துப் பார்த்துவிட்டு அழுத்துகிற பிள்ளை, குத்துமதிப்பாக அடிக்கிற பிள்ளையிடம் தோற்கிறது. நான்கு கேள்விக்குப் பிறகு அதுவும் குத்துமதிப்புக்கு வந்துவிடும். குழந்தைகளா முட்டாள்கள்?

ஆகவே முதல் வேலை, நேரத்தை நீட்டுங்கள். ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் வரை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. புள்ளியே வேண்டாம் என்றும் அமைக்கலாம். இசையையும் நிறுத்திவிடுங்கள், அது எனக்கே படபடப்பைத் தருகிறது. அல்லது, கேள்வி பிள்ளையின் திரையிலேயே தோன்றி, அவரவர் வேகத்தில் நகர்கிற தளங்களைப் பயன்படுத்துங்கள். முன்பு குவிசிஸ் என்று இருந்து 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட தளம் அப்படிப்பட்டது.

இரண்டாவது வேலைதான் முக்கியம். சென்ற ஆண்டு என் வகுப்பில் பதினொரு பேர். "பாட்டி சந்தையில் ______ மீன் வாங்கினார்." வாழை, வாளை, வாலை என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தேன். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று காட்டும் பட்டைகள் திரையில் எழும்பின. ஏழு பேர் வாழை! "ழ, ள குழப்பம். அடுத்த வாரம் மறுபடியும் பயிற்சி" என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். என்னவோ தோன்றியது, நிறுத்தி, ஒரு பையனிடம் ஏன் வாழை என்று கேட்டேன்.

"வாளை என்று ஒரு சொல் கிடையாது டீச்சர். நீங்கள் எங்களை ஏமாற்றுவதற்காக எழுத்துப்பிழையோடு போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வாழை மீன் என்றால் மஞ்சளாக இருக்கும் போல."

அவனுக்கு எழுத்துக் குழப்பமே இல்லை. எழுத்தில் அவன் மகா கெட்டிக்காரன். அப்படி ஒரு மீன் இருப்பதுதான் தெரியாது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண், தன் பாட்டி தேக்கா ஈரச்சந்தையில் அதை வாங்குவார் என்றும், வெள்ளி இடைவார் மாதிரி நீளமாகத் தொங்கும் என்றும் கையை விரித்துக் காட்டினாள். பன்னிரண்டு நிமிடம் மீன் பேச்சு. மீதிக் கேள்விகளை அன்று நடத்தவே இல்லை. ஏழு பேர் தவறு என்று எண்ணிச் சொல்ல இயந்திரத்துக்குத் தெரிந்தது. ஏன் தவறினார்கள் என்பதை அந்தப் பையனின் வாயிலிருந்துதான் நான் பெற முடிந்தது. பத்துக் கேள்வி போடுகிற இடத்தில் நான்கு போடுங்கள். எந்தப் பட்டை தவறாக உயர்கிறதோ அங்கே வண்டியை நிறுத்துங்கள்.

கேள்வி: எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லை அமைக்கும் விளையாட்டு ஒன்றை இலவசத் தளத்தில் தயாரித்தேன். ஆங்கில வகுப்பில் அழகாக வேலை செய்வது, தமிழில் எழுத்துகளை உடைத்துப் போடுகிறது. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?
(துணைப்பாட ஆசிரியர், உட்லண்ட்ஸ்)

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை ஐயா. இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன், அதுவும் துறைத்தலைவர் பின்னால் உட்கார்ந்து பார்வையிட்ட நாளில்.

சொல், கொக்கு. தொடக்கநிலை 2. ஒரு தளத்தில் தட்டச்சு செய்து, "கலை" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இது ஒரு பறவையின் பெயர், மூன்று எழுத்து" என்றேன். திரையில் ஆறு கட்டங்கள். மூன்றில் 'க'. மற்ற மூன்றில் புள்ளிப்புள்ளியாக ஒரு வட்டமும், அதைச் சுற்றி ஒன்றில் கொம்பும் காலும், இன்னொன்றில் தலையில் ஒரு புள்ளி, வேறொன்றில் உகரச் சுழி. முன்வரிசைச் சிறுவன் எழுந்து நின்றான்: "டீச்சர், கொக்கு மூன்று முட்டை இட்டிருக்கிறது!" அந்த வகுப்பில் அதற்குப் பிறகு பாடம் நடந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் இதுதான். நமக்கு 'கொ' ஓர் எழுத்து. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோட் அதை 'க' என்றும், 'ொ' என்ற குறியென்றும் இரண்டாகச் சேமிக்கிறது. 'க்' என்பதும் அதற்கு ககரமும் புள்ளியும். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. கணினி எண்ணினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கொடுக்காமல் உயிர், அகரமேறிய மெய், குறி என்று வைத்து அடுக்கிக்கொள்ளும் முறை அது. எழுதவும் படிக்கவும் அதனால் ஒரு சிக்கலும் இல்லை. உயிர்மெய் என்றால் என்னவென்று தெரியாதவர் எழுதிய விளையாட்டு, சொல்லை வெட்டும்போதுதான் கத்தி எழுத்தின் நடுவே இறங்குகிறது. புள்ளி வட்டம், "இந்தக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்தைக் காணோமே" என்று கணினி விடுகிற அழுகை.

வழி என்ன? எழுத்தைத் தானாகக் கலைக்கும் வகையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்களே தட்டச்சு செய்யும்படி இருக்கிற வகையைத் தேடுங்கள். வேர்ட்வால் போன்ற தளங்களில் வரிசைப்படுத்துதல், இணைசேர்த்தல், குழுவாகப் பிரித்தல் என்றெல்லாம் உண்டு. வரிசைப்படுத்துதலில் முதல் கட்டம் 'கொ', இரண்டாவது 'க்', மூன்றாவது 'கு' என்று நீங்களே கொடுத்துவிட்டால் கொக்கு முழுசாகப் பறக்கும். இன்னும் எளிது, ஒரு படவில்லையில் எழுத்துப் பெட்டிகளைச் செய்து பிள்ளைகளை இழுத்து வைக்கச் சொல்வது. கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் பயிற்சிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. 'ொ' குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில தளங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். சில தளங்கள் பிடிவாதமாகத் தவறு போடும். சரியாக எழுதிய பிள்ளை சிவப்புக் குறியைப் பார்த்து விழிக்கும். 'ஔவை' என்பதை 'ஒளவை' என்று ஒகரமும் ளகரமுமாக அடிக்கிற பிள்ளைகளும் உண்டு. அது உண்மையாகவே தவறு, ஆனால் பார்த்தால் தெரியாது. 'ொ' வரும் சொற்களுக்கு மட்டும், ஏற்றுக்கொள்ளும் விடைகள் என்ற பெட்டியில் இரு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்.

எழுத்துகளை விட்டுச் சொற்களைக் கலைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால் ஒன்றும் உடையாது. அங்கே வேறு கூத்து. "நான் நேற்று தேக்காவுக்குப் போனேன்" என்று நான் விடை கொடுத்திருந்தேன். ஒரு பெண் "நேற்று நான் தேக்காவுக்குப் போனேன்" என்று அடுக்கினாள். தவறாம்! நம் மொழியில் சொற்கள் இடம் மாறி உட்காரும் என்று அந்தத் தளத்துக்கு யார் சொல்வது? ஆனால் இதிலேயே ஒரு நல்லதும் நடந்தது. 'தேக்காவுக்குப்' என்ற கட்டத்தின் கடைசியில் இருந்த 'ப்'பைப் பார்த்து, "அடுத்த சொல் ப வரிசையில்தான் தொடங்கும்" என்று ஒருவன் துப்புப் பிடித்துவிட்டான். வல்லினம் மிகும் இடங்களை நான் தொண்டை வறளக் கற்பித்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அதே பையன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1997இலேயே தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டிய ஊர் நம் ஊர். அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியவர். ஆகவே கூச்சப்படாமல் புகார் செய்யுங்கள். தளத்தின் "கருத்து தெரிவிக்க" என்ற பெட்டியில், எழுத்து உடைந்த திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். நான் அனுப்பிய மூன்றில் ஒன்றுக்குப் பதில் வந்தது. எட்டு மாதம் கழித்து.

கேள்வி: தொடக்கநிலை 4 படிக்கும் என் மகன் தமிழ்ப் பயிற்சி என்று சொல்லி மாலையெல்லாம் திரையில் புள்ளி சேர்க்கிறான். ஒரு வரி எழுதச் சொன்னால் அழுகை. வீட்டில் என் மாமியார் தமிழில்தான் பேசுவார். இந்தக் கருவிகளை நிறுத்திவிடலாமா?
(தாயார், செங்காங்)

நிறுத்த வேண்டாம், திருப்பிப் போடுங்கள். விளையாடுவதை விட்டுவிட்டு, பாட்டிக்காக அவனே ஐந்து கேள்விகள் தயாரிக்கட்டும். சரியான விடையை யாரும் எழுதிவிடலாம். பாட்டியை ஏமாற்றக்கூடிய மூன்று தவறான விடைகளை எழுத வேண்டுமே, அங்கேதான் மூளை வேர்க்கும். என் மாணவன் ஒருவன் "ரசத்தில் போடாதது எது?" என்று கேட்டு, மிளகு, புளி, சீரகம், தேங்காய்ப்பால் என்று கொடுத்தான். பாட்டி தேங்காய்ப்பால் ரசம் என்று ஒன்று இருப்பதாக வாதாட, வீட்டில் அரை மணி நேரம் தமிழ் ஓடியதாம். விளையாட்டில் அவருக்குப் பூஜ்யம் என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

பாட்டிக்குத் திரை வசப்படாவிட்டால் பையன் வாசித்துக் காட்டட்டும். அதுவும் பயிற்சிதான்.

கேள்வி: சமூக மன்றத்தில் வார இறுதியில் தொண்டூழிய அடிப்படையில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பதினெட்டுப் பிள்ளைகள், ஆறு வயது முதல் பத்து வயது வரை. ஒரு பழைய மடிக்கணினி, ஒரு படவீழ்த்தி, அவ்வளவுதான். பிள்ளைகளிடம் கைப்பேசி கொடுக்கப் பெற்றோருக்கு விருப்பமில்லை. எங்களுக்கு ஏதாவது உண்டா?
(தொண்டூழியர், ஜூரோங் வெஸ்ட்)

உண்டு. எனக்கு உங்கள் வகுப்பின்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தளத்திலிருந்து அட்டைகளை இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு. அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தன் விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான். நீங்கள் உங்கள் கைப்பேசியின் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிந்துவிடும். உருவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிப்பதும் கடினம். கூச்சப்பட்டு வாயே திறக்காத பிள்ளையின் விடையும் உங்களுக்குத் தெரியும். தடித்த தாளில் அச்சிடுங்கள். கறுப்புப் பகுதியை விரலால் மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். முதல் வாரம் பாதி அட்டைகள் பதியாமல் போவது இதனால்தான். பளபளப்பான உறை போட்டால் விளக்கொளி பட்டு இன்னும் மோசம்.

அந்த ஒற்றை மடிக்கணினியையும் குறைவாக எடை போடாதீர்கள். இரண்டு பிள்ளைகளை முன்னால் அழையுங்கள். ஒருவர் கையில் சுட்டி. ஆனால் அவர் தானாக எதையும் நகர்த்தக்கூடாது. மற்றவர் சொல்ல வேண்டும், தமிழில் மட்டும். "அந்தப் படத்தை இடப்பக்கம் கொண்டு போ. இன்னும் கொஞ்சம் கீழே. அதற்கு அடுத்த பெட்டியில் வை." ஆளுக்கொரு கருவி கொடுத்த வகுப்பில் நான் கேட்ட தமிழைவிட, ஒரு சுட்டிக்கு இருவர் அடித்துக்கொண்ட வகுப்பில் கேட்ட தமிழ் அதிகம். பார்க்கிற பதினாறு பேரும் சும்மா இருக்க மாட்டார்கள், கவலை வேண்டாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நான் ஓர் இலவசத் தளத்தில் சேர்த்துவைத்த பயிற்சிகள் எல்லாம் திடீரென்று பூட்டப்பட்டுவிட்டன. மாதாமாதம் கட்டணம் கேட்கிறார்கள். இனி எதை நம்புவது?
(ஆசிரியர், பிடோக்)

எதையும் நம்பாதீர்கள்! எனக்கு இப்படிப் போனவை நாற்பத்தாறு பயிற்சிகள். எந்தத் தளம் என்று சொல்லிப் பயனில்லை. இன்று அது, நாளை இன்னொன்று. இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து செய்தவை. அழுதுவிட்டு மறுநாள் வெண்பலகையில் நடத்தினேன்.

பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். கூகலின் இணைய வெண்பலகையான ஜேம்போர்டு 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. பிள்ளைகள் பேசிப் பதிவிட மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த ஃபிளிப் என்ற தனித்தளம் அதே ஆண்டு ஜூலையில் முடிந்தது. அதற்கும் முன்னால், இணைய விளையாட்டுகளை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டபோது அதை நம்பியிருந்த எத்தனையோ தமிழ் விளையாட்டுகள் ஒரே நாளில் வெறும் சாம்பல் பெட்டிகளாயின.

நான் இப்போது செய்வது இது. கேள்விகளை எந்தத் தளத்திலும் நேராக எழுதுவதில்லை. முதலில் ஒரு விரிதாளில்: ஒரு நெடுவரிசையில் கேள்வி, நான்கில் விடைகள், ஒன்றில் சரியானது எது, கடைசி நெடுவரிசையில் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்ற குறிப்பு. கஹூட் உட்படப் பல தளங்கள் விரிதாளை அப்படியே ஏற்றிக்கொள்ளும். தளம் போனால் போகட்டும், கேள்விகள் என் வீட்டில் இருக்கின்றன. அந்தக் கடைசி நெடுவரிசை எந்தத் தளத்திலும் கிடைக்காது, காசு கொடுத்தாலும்.

கொஞ்சம் கைத்திறன் உள்ளவர் என்றால் இணையப் பயிற்சிகளை உருவாக்க உதவும் எச்5பி என்ற திறந்தமூல முறையையும் பாருங்கள். லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டு பயிற்சியைச் செய்தால், அதை ஒரே கோப்பாகச் சேமித்து இணையமே இல்லாமலும் திறக்கலாம். பள்ளி ஆசிரியராக இருந்தால், 2018 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட, கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் இருக்கவே இருக்கிறது. துணைப்பாட ஆசிரியருக்கு அந்தக் கதவு திறக்காது என்பதால் விரிதாளே துணை.

கேள்வி: இந்தத் தளங்களில் பிள்ளையின் முழுப்பெயரையும் படத்தையும் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?
(தந்தை, பொங்கோல்)

கூடாது. கணக்குத் தொடங்காமல், ஒரு குறியெண்ணை மட்டும் போட்டு நுழையும் தளங்களே சிறு பிள்ளைகளுக்குப் போதும். பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகக் கணக்குத் தொடங்கக்கூடாது என்கின்றன. அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டத்தின் விளைவு அது. இங்கே 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனியார் வகுப்பு நடத்துகிறவர் உங்கள் பிள்ளையின் விவரங்களைக் கேட்டால், எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. புனைபெயரைப் பிள்ளைகளிடமே விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். முதலிடத்தில் "டீச்சரின் மூக்குக்கண்ணாடி" என்று திரையில் வந்தது. அன்று முதல் நான்தான் பெயர் கொடுக்கிறேன்: முல்லை, குறிஞ்சி, ஆம்பல், தாழை. அந்தச் சாக்கில் பதினொரு பூக்களின் பெயர்களும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டன.

கேள்வி: உயர்நிலை 3 மாணவர்கள் வினாடி வினா என்றாலே கொட்டாவி விடுகிறார்கள். அவர்கள் வயதுக்கு ஏற்ற, செலவில்லாத ஏதாவது சொல்லுங்கள் டீச்சர்.
(ஆசிரியர், தெம்பனிஸ்)

பதினைந்து வயதில் சிவப்பு முக்கோணத்தை அழுத்தச் சொன்னால் நானும் கொட்டாவிதான் விடுவேன்.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்கு அழைத்துப் போங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. சில ஆண்டுகளின் இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். ஆகவே வீட்டிலிருந்தே திறக்கும் தேதிகளை நீங்கள் முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் எல்லாம் அகப்படாது. பழைய அச்சைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. தேதியைப் பிடித்துப் போவதே நல்லது.

ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி. செய்திகளைவிட விளம்பரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்குப் பிடித்த ஒன்றை வெட்டி, பேட்லெட் போன்ற ஓர் இணையப் பொதுச் சுவரில் ஒட்டி, கீழே நான்கு வரி எழுத வேண்டும்: என்ன விற்கிறார்கள், யாரிடம் விற்கிறார்கள், இன்று இதை எப்படி எழுதுவார்கள். பிறகு மற்றவர் ஒட்டியதன் கீழே ஒரு கேள்வி. பேட்லெட்டில் இலவசக் கணக்குக்குச் சில சுவர்கள்தாம் தருவார்கள். பாடம் முடிந்ததும் பக்கத்தைச் சேமித்துக்கொண்டு சுவரை அழித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் எழுதுவது உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே தெரியும்படி அமைக்க மறந்துவிடாதீர்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

நான் உயர்நிலையில் இருந்த கடைசி ஆண்டில் இதைச் செய்தபோது, ஒரு மாணவன் கையைத் தூக்கி, இது தமிழ் இல்லை, வேறு ஏதோ எழுத்து கலந்திருக்கிறது என்றான். போய்ப் பார்த்தேன். ஒரு துணிக்கடை விளம்பரம். 'விலை' என்ற சொல்லில் லகரத்தின் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி மேலே ஏறி வளைந்திருந்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் லை, ளை, ணை, னை எல்லாம் அப்படித்தான், ணா, றா, னாவுக்கும் வேறு உருவம், மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின என்று சொன்னேன். அவன் பாதி நம்பினான். வினாடி வினாவாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் ஒரு கசங்கிய தாளோடு வந்தான். அவனுடைய பாட்டியின் கையெழுத்தில் சந்தைக்கு வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். வெற்றிலை, கறிவேப்பிலை, முருங்கை இலை. மூன்றிலும் துதிக்கை. "இவ்வளவு நாளும் பாட்டிக்கு எழுதத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் டீச்சர்" என்றான். அந்தத் தாளைப் படமெடுத்து, விளம்பரத்துக்குப் பக்கத்தில் அவனே ஒட்டினான். கீழே நான்கு வரி கேட்டிருந்தேன். பதினொரு வரி எழுதியிருந்தான்.